பத்துக்குப் பதினொன்று

புத்தளம்
2012 செப்டெம்பர் 16, ஞாயிறு

அன்பு மகன் ஸப்ரானுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ அந்த வெயிலில் நேரத்துக்குத் தண்ணீர் குடித்து, தொழுகையை விடாமல், காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். இங்கே வாப்பா சுகம், தங்கச்சி சுகம், நானும் அல்லாஹ்வின் கிருபையால் வலது மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மணிக்கட்டில் இன்னும் மூன்று கிழமைக்கு மாவுக்கட்டு இருக்குமாம். அதனால் இந்தக் கடிதத்தில் கதை என்னுடையது, எழுத்து தங்கச்சி நஸ்ஹாவுடையது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்லித்தான் பேனையைக் கொடுத்திருக்கிறேன்.

மழை இன்னும் வரவில்லை, அதனால் உப்பளத்தில் வேலை நன்றாக நடக்கிறது. வாப்பா விடியப் போய்ப் பின்னேரம்தான் வருகிறார். காலில் பழைய வெடிப்பு மறுபடியும் வந்திருக்கிறது, நீ அனுப்பிய களிம்பைப் பூசச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பக்கத்து வீட்டு ஸியாத் விடுமுறை முடிந்து புதன்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். அவனிடம் இந்தக் கடிதமும், இறால் கருவாடும், ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயை அறையில் இருக்கிற எல்லாருக்கும் கொடு, ஆனால் கரண்டியைக் கழுவித் துடைத்துப் போடச் சொல்லு, இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்து, உம்மா ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டுப் போங்களேன் என்று சத்தம் போட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுக்கிறதுக்குள் கார்ட் முடிந்து அறுந்துவிட்டது. உனக்குப் பெண் பேசியிருக்கிற நபீலா வீட்டார் சொன்ன பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். மற்றப் பாதியைப் போனில் சொன்னால் உனக்குக் கோபம்தான் கேட்கும், சொல்லுக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒரு தரம் வாசித்துவிட்டு மடித்து வைக்காதே, இரண்டு தரம் வாசி.

சண்டை முடிந்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஒப்பறேசன் தியேட்டர் திறந்தது உனக்குத் தெரியும். ஆள் போதாமல் எட்டுப் புதுச் சிற்றூழியர்களை எடுத்தார்கள். தாதிமாருக்குத் தலைவி மேற்றன் மாக்கிறட் என்னைக் கூப்பிட்டு, பத்தொன்பது வருசமாக இந்த வேலையைச் செய்கிறீர்கள், இவர்களை நீங்களே பழக்குங்கள் என்று சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாம் வகுப்புப் படிப்பு மட்டும், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்னாரிலிருந்து ஓடி வந்து, இங்கே அகதி முகாமில் கிளினிக் கூட்டிக் கழுவி வேலைக்குச் சேர்ந்தவள் நான். இப்போது என் சட்டையில் பயிற்றுநர் என்று ஒரு சின்ன அட்டை குத்தியிருக்கிறது. டொக்டர்மாருக்கும் தாதி மிஸ்ஸிமாருக்கும் படித்துக் கொடுக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நோயாளியை மேசைக்கு மாற்றுகிறவனுக்கும், தரையில் விழுந்த இரத்தத்தைத் துடைக்கிறவளுக்கும், கத்தி கத்தரிக்கோலைக் கழுவி அவிக்கிறவனுக்கும் யார் படித்துக் கொடுப்பது? அவர்கள் செய்கிற பிழையும் அதே வயிற்றுக்குள்தான் போகிறது.

நான் படித்துக் கொடுக்கிறதில் பெரிய வேலை கோஸ் துணி. அது வலைபோல மெல்லிய வெள்ளைத் துணி, ஒப்பறேசனில் இரத்தத்தை ஒற்றி எடுக்கிறது. அதை வெட்டி, நாலு முனையும் உள்ளே போக மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி, தகர டிரம்மில் அடுக்கி ஆவியில் அவித்து வைப்பது நாங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுக் கடதாசி. கட்டுகிறவர் எண்ணித் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடவேண்டும். பிறகு இன்னொருவர் அவிழ்த்து, எதிரே இருந்து, சத்தமாக எண்ணித் தன் எழுத்தைப் போடவேண்டும். இரண்டு வாய், ஒரே எண். இதை நான் முதல் நாளிலிருந்து சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது.

அந்த எட்டுப் பேரில் நபீலாவின் தம்பி அர்கமும் ஒருவன். அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேற்றனிடம் கேட்டது நான்தான், அதை மறைக்கவில்லை. நல்ல பிள்ளை. நோயாளியைத் தூக்கினால் முட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவான். வயதானவர்கள் அவன் கையைப் பிடித்தால் விடமாட்டார்கள். ஆனால் அவன் வளர்ந்தது முந்தலில் அவன் வாப்பா நெய்னார் நானாவின் தேங்காய் முற்றத்தில். அந்த முற்றத்தில் எண்ணுகிற விதம் உனக்குத் தெரியும், நீயும் போய்ப் பார்த்திருக்கிறாய். முதல் தேங்காயை எடுத்து, அல்லாஹ்வின் அருளால் பெருகட்டும் என்று பறக்கத் சொல்லி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடுத்ததிலிருந்துதான் ஒன்று என்று தொடங்குவார்கள். வாங்க வந்தவனுக்கு ஒன்று கூடப் போகும். நல்ல வழக்கம்தான். அந்தத் தாராளக் கையைப் பார்த்துத்தான் நானும் வாப்பாவும் அந்த வீட்டில் பெண் கேட்கப் போனோம்.

இந்த மாதம் மூன்றாம் திகதி, திங்கட்கிழமை, உச்சமுனையிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொண்டுவந்தார்கள். தோணியில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து அம்பியூலன்சில். வயிற்றில் பிள்ளை களைத்துவிட்டது, உடனே வெட்டி எடுக்கவேண்டும் என்று பெரிய டொக்டர் சொன்னார். எல்லாம் ஆயத்தம். மிஸ்ஸி முதல் கட்டை அவிழ்த்து எண்ணினா. பதினொன்று. திரும்ப எண்ணினா. பதினொன்று. அந்தக் கட்டை அப்படியே வெளியே போட்டுவிட்டு அடுத்ததை அவிழ்த்தா. அதிலும் பதினொன்று. டிரம்மில் இருந்த மற்றதெல்லாம் அதே எழுத்துப் போட்ட கட்டுகள். இதில் ஒன்றையும் நம்ப ஏலாது என்று மிஸ்ஸி சொல்லிவிட்டா. டொக்டர் கையுறை போட்ட இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒன்றையும் தொடவும் ஏலாது, தொடங்கவும் ஏலாது. நான் பழைய தியேட்டருக்கு ஓடினேன், வேறு டிரம் எடுத்துவர. வருகிற வழியில் ஈர நடைபாதையில் வழுக்கி விழுந்தேன். டிரம் திறந்துவிடக் கூடாது என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்ததால் உடம்புப் பாரம் முழுக்க மணிக்கட்டில். உனக்குப் போனில் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்தேன் என்று சொன்னது பொய். அல்லாஹ் மன்னிக்கவேண்டும், நீயும் மன்னித்துக்கொள்.

பன்னிரண்டு நிமிசம் போனது மகன். அந்தப் பெண்ணுக்கு முதுகில் ஊசி போட்டிருந்தது, நினைவு இருந்தது. நான் இடது கையால் டிரம்மைக் கொடுத்துவிட்டு அவளின் தலைமாட்டில் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, ராத்தா, ஏன் எல்லாரும் நிண்டுட்டாங்க, எண்ட புள்ள மௌத்தாப் போச்சா என்று கேட்டாள். பத்தொன்பது வருசத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என் இடது கையை நெற்றியில் வைக்கத்தான் முடிந்தது. பிள்ளை நீலமாகத்தான் வந்தது. தேய்த்து, தட்டி, வாயில் குழாய் வைத்து உறிஞ்சி, பிறகுதான் அழுதது. பெண் பிள்ளை. இப்போது தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த அழுகை வருகிற வரைக்கும் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

குறைஞ்சாத்தானே பிழை, ஒண்டு கூடினா என்ன என்று நீயும் நினைப்பாய். நெய்னார் நானாவும் அதைத்தான் கேட்டார். யோசித்துப் பார். கட்டில் பத்து என்று நம்பி வயிற்றுக்குள் வைக்கிறார்கள். முடிவில் பத்தும் வெளியே வந்ததா என்று எண்ணுகிறார்கள். பத்து வந்துவிட்டது, சரி என்று தைத்துவிடுகிறார்கள். கூடக் கொடுத்த அந்த ஒன்று உள்ளே கிடக்கும். பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து, அவள் உச்சமுனையில் காய்ச்சலில் கிடந்து ஏன் என்று தெரியாமலே போய்விடுவாள். தேங்காயில் கூடப் போனால் பறக்கத். இங்கே கூடப் போனால் மையித்து. அன்றைக்கு அந்த மிஸ்ஸி கடதாசியை நம்பாமல் அவிழ்த்து எண்ணியதால் பிழைத்தோம்.

அடுத்த நாள் கையில் மாவுக்கட்டோடு வகுப்புக்குப் போனேன். எட்டுப் பேரையும் இருத்தி, அர்கமிடம் துணியைக் கொடுத்து, என் முன்னால் பத்து எண்ணிக் கட்டு என்றேன். முதல் துணியை எடுத்தான், உதடு பறக்கத் என்றது, பக்கத்தில் வைத்தான், பிறகு ஒண்டு, ரெண்டு என்று தொடங்கினான். கடைசியில் பக்கத்தில் வைத்ததையும் சேர்த்துக் கட்டினான். தான் செய்தது அவனுக்கே தெரியவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கண்டக்குழியில் கடல் தொழிலை விட்டுவிட்டு வந்த அன்ரனிப்பிள்ளை என்று ஒருவர் இருக்கிறார், வாய் சும்மா இராது. தம்பி, இது தேங்கா இல்ல, உங்கட வாப்பாட முற்றத்துக் கணக்கை வயித்துக்குள்ள போட்டா வயிறு தாங்காது என்றார். அர்கமின் முகம் கறுத்துப்போனது. மாமி, நான் வேணுமெண்டு செய்யல்ல, கை தானாச் செய்யிது என்றான். உண்மைதான். அதுக்காக நான் அவனைப் பெயிலாக்கவில்லை. கைப் பழக்கத்தை மாற்றலாம். மாற்றத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

நான் பெயிலாக்கியது வேறொன்றுக்கு. அந்த டிரம்மில் இருந்த கட்டுகளின் கடதாசிகளை எல்லாம் எடுத்து வந்து மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து இருந்தது. முதல் எழுத்து அ. இரண்டாவது ஆள் ஒழுங்காக அவிழ்த்து எண்ணியிருந்தால் பதினொன்று அங்கேயே பிடிபட்டிருக்கும். ஆகவே இரண்டாவது எழுத்துக்காரர் ஒரு கட்டையும் அவிழ்க்கவில்லை, எண்ணவுமில்லை, அர்கம் நீட்ட நீட்டக் கையெழுத்தை மட்டும் போட்டிருக்கிறார். அந்த இரண்டாவது எழுத்து என்னவென்றால். ஏன் மகள் நிறுத்திவிட்டாய்? எழுது. ஒரு சொல்லும் குறையக் கூடாது என்றேன்தானே. அந்த இரண்டாவது எழுத்து ந. ந என்றால் நஸ்ஹா, அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறவள்.

ஏன் என்று அவளிடம் கேட்டேன். உனக்குத் தெரியும், வகுப்பில் எழும்பி நின்று சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றவள். குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே சொன்னாள், அவர் மச்சான் முறை உம்மா, முன்னுக்கு இருந்து சத்தமா எண்ண வெக்கமா இருந்திச்சு என்று. எனக்குக் கோபத்துக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. ஒருவன் நல்ல மனசால் ஒன்று கூட வைத்தான், ஒருத்தி நல்ல அடக்கத்தால் அதைக் கேட்காமல் விட்டாள். இரண்டும் எங்கள் வீடுகளில் நாங்களே புகழ்ந்து வளர்த்த குணம். இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணை மேசையில் பன்னிரண்டு நிமிசம் கிடத்தி வைத்தது.

எட்டுப் பேரின் புள்ளிப் பட்டியலைப் புதன்கிழமைக்குள் நான் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். ஆறு பேர் பாஸ். அர்கமும் நஸ்ஹாவும் இல்லை. பாஸ் இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம் பயிற்சி, பிறகு மறுபடியும் சோதனை, அதிலும் இல்லையென்றால் வீட்டுக்கு. மேற்றன் மாக்கிறட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மர்ளியா, எனக்கு ஆள் இல்ல, எட்டுப் பேரும் வேணும், ஆனா நீங்க போடுற புள்ளிக்கு மேல நான் கை வைக்க மாட்டேன் என்று சொன்னா. அதோடு விட்டுவிட்டா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நெய்னார் நானா வந்தார். இருபது தேங்காய் என்று சொல்லிச் சாக்கை இறக்கினார். வாப்பா பிறகு எண்ணிப் பார்த்தார், இருபத்தொன்று. கதிரையில் இருந்து, தேத்தண்ணியில் பாதியைக் குடித்துவிட்டுத் தொடங்கினார். தங்கச்சி, மாப்புள்ளட உம்மாவே எங்கட புள்ளயப் பெயிலாக்கிட்டா எண்டு ஊர் கதைச்சா நான் எந்த முகத்தோட மகளை இந்த வீட்டுக்கு அனுப்புற என்றார். நான் பொறுமையாக எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். எனக்குக் கை ஏலாது, கையெழுத்தும் இன்னும் போடவில்லை என்பதையும் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டார். கை ஏலாட்டி மகள் போடட்டுமே, உங்கட கையெழுத்து அந்தப் புள்ளைக்கு நல்லா வருமாமே, உங்கட மகளும் பாஸ், எங்கட மகனும் பாஸ், யாருக்கு நட்டம் என்றார். நான் சொன்னேன், நட்டப்படுற ஆள் இந்த வீட்டுல இல்ல நானா, அவ உச்சமுனையில இருக்கிறா என்று. அவர் எழும்பிவிட்டார். வாசலில் நின்று, நீங்க யோசிச்சு முடிவெடுங்க, இல்லாட்டி நாங்களும் யோசிக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மீதித் தேத்தண்ணி கோப்பையில் அப்படியே இருந்தது. வாப்பா அந்தக் கோப்பையை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு, உப்புக் குறைஞ்சாலும் கறி பிழை, கூடினாலும் கறி பிழை, இது தேங்கா யாவாரிக்கு விளங்காது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

மகன், ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து உன் நிக்காஹ். நபீலா இரண்டு வருசமாக உனக்காக இருக்கிறாள். நீ அங்கே வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுகிறபோது எதை நினைத்துக்கொண்டு விழுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? இந்தக் கலியாணம் நின்றால் எனக்கு ஒரு கை முறிந்தது போதாதென்று மற்றக் கையும் முறிந்த மாதிரி. ஆனாலும் நான் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டேன். இன்றைக்கு மருமகள் வீடு என்று அர்கமைப் பாஸாக்கினால், நாளைக்கு அவன் கட்டுகிற ஒவ்வொரு கட்டையும் நான் கூடவே போய் அவிழ்த்துப் பார்க்க ஏலாது. நஸ்ஹாவையும் பாஸாக்கமாட்டேன். அவளை மட்டும் பாஸாக்கினால் நான் பயிற்றுநர் இல்லை, கள்ளி. பட்டியலில் இடது கையால் என் பெயரை எழுதுவேன். கோணலாக வந்தாலும் என் கையெழுத்து என் கையெழுத்துத்தான். ஏழு பேரின் பெயருக்கு நேரே என்ன போடவேண்டும் என்று நான் சொல்வேன், நஸ்ஹா எழுதுவாள். அவளுடைய பெயருக்கு நேரே என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

நீ செய்யவேண்டியது இது. நெய்னார் நானாவுக்கு நீயே போன் எடு. சலாம் சொல்லி, உடம்பு சுகம் விசாரித்து, மாமா, உம்மா உங்கட மகனைத் தள்ளவில்லை, இன்னும் மூன்று மாதம் பிடித்து வைத்திருக்கிறா என்று மரியாதையாகச் சொல்லு. கோபப்படாதே, அவர் கோபப்பட்டாலும் நீ கோபப்படாதே. என்னைத் திட்டினால் ஓம் மாமா என்று கேட்டுக்கொள், எனக்கு ஒன்றும் குறையாது. நபீலாவிடம் அவளுடைய வாப்பாவைப் பற்றிக் குறையாகக் கதைக்காதே. வாப்பா எண்ணிவிட்டுத் திரும்பக் கட்டிய சாக்கு மூலையில் அப்படியே இருக்கிறது, நாங்கள் ஒரு தேங்காயும் எடுக்கவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இருபத்தொன்றையும் திருப்பி அனுப்பவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஈரச் சொக்ஸோடு சப்பாத்துப் போடாதே, போன முறை போலப் புண் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் ரொட்டியை மட்டும் தின்று படுக்காதே, ஒரு பருப்பாவது காய்ச்சிக்கொள். நீ பிறந்த நாளிலிருந்து இன்றுவரைக்கும் உன்னை அல்லாஹ்விடம்தான் ஒப்படைத்திருக்கிறேன், இனியும் அவன்தான் காவல். உன் கையில் ஹலாலான உழைப்பும், உன் வீட்டில் உன்னை எதிர்பார்த்து ஒரு விளக்கும் எப்போதும் இருக்கவேண்டும் என்று துஆ செய்கிறேன். போன் எடுக்க மறக்காதே, முதலில் முந்தலுக்கு, பிறகு எனக்கு. இதெல்லாம் நான் சொன்னதுதான் என்று நீ நம்புவதற்காகக் கீழே இடது கையால் ஒரு எழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு உன் உம்மா,
ம

புதன் காலை

நானா, இனி எழுதுவது நான். உம்மா வேலைக்குப் போய்விட்டார், ஸியாத் பத்து மணிக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வார். உம்மா சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. என் பெயர் வந்த இடத்தில் பேனை நின்றது உண்மைதான், அங்கே மை பரவியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பின்னேரம் உம்மா தொழப் போனபோது அந்தப் பட்டியல் மேசையில் என் முன்னால் இருந்தது. உம்மாவின் கையெழுத்து எனக்கு வரும் என்று நெய்னார் மாமா சொன்னது சரி. கிளினிக் கடிதத்துக்கும், பங்கீட்டுத் துண்டுக்கும் நான்தான் போட்டிருக்கிறேன். உங்களையும் நபீலா மதினியையும் நினைத்தேன். ஒரு நிமிசம்தான் வேண்டும், இரண்டு வீடும் சந்தோசமாகிவிடும் என்றும் நினைத்தேன். பிறகு அந்தக் கடதாசித் துண்டுகள் ஞாபகம் வந்தன. அன்றைக்கும் நான் செய்தது அதுதானே, பாராமல் ஒரு எழுத்தைப் போட்டது. என் பெயருக்கு நேரே தேறவில்லை என்று எழுதினேன். உம்மா தொழுகைப் பாயை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். பேனையை வாங்கிக்கொண்டார். இடது கையால் தன் பெயரை எழுத அவருக்கு நிறைய நேரம் எடுத்தது.

நேற்று வகுப்புக்கு அர்கம் மச்சான் வந்தார். வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வாப்பா போகவேணாம் எண்டார், நான் வந்துட்டேன் மாமி என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தார். உம்மா வேறு இரண்டாவது ஆளைப் போடுவார் என்று நான் காத்திருந்தேன். போடவில்லை. அவர் கட்டினார், நான் அவிழ்த்து எண்ணினேன். முதலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. உம்மா அறையின் மறுபக்கத்திலிருந்து, கேக்கல்ல என்றார். கூட்டினேன். கேக்கல்ல என்றார். இன்னும் கூட்டினேன். எட்டுக் கட்டும் பத்துப் பத்தாகச் சரியாக இருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டினார், பறக்கத் வெளியே வரக்கூடாது என்று. ஒன்பதாவது கட்டில் அன்ரனிப்பிள்ளை அண்ணன் ஏதோ பகிடி விட, அவர் சிரித்துவிட்டார், அதைக் கட்டி என்னிடம் தந்தார். நான் எண்ணினேன். பத்துக்குப் பிறகும் கையில் ஒரு துணி இருந்தது.

எல்லாரும் இருந்தார்கள் நானா, மேற்றனும் வாசலில் நின்றா. என் காது சுட்டது. பேனை கையில் இருந்தது, ந என்று ஒரு எழுத்துப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் பேனையை வைத்துவிட்டு, பதினொண்டு இரிக்கிது மச்சான், அவிழ்த்துத் திரும்ப எண்ணுங்க என்று சொன்னேன். நான் அவரோடு பேசிய முதல் கதை அதுதான். அறை முழுக்கக் கேட்டது. அடேயப்பா, இந்தப் புள்ளைக்கு வாய் இரிக்குதா என்று அன்ரனிப்பிள்ளை அண்ணன் கத்தினார். அர்கம் மச்சான் கோபப்படவில்லை. கட்டை வாங்கி அவிழ்த்து எண்ணி, ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே, அண்டைக்கும் இப்பிடிச் சொல்லி இருக்கலாமே என்றார். ஓம், சொல்லி இருக்கோணும் என்றேன். திரும்ப நானும் எண்ணி, பத்து என்று தெரிந்த பிறகுதான் எழுத்தைப் போட்டேன். மூன்று மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் பாஸாவோம். நீங்கள் உம்மாவிடம் இனி அந்தக் கையெழுத்தைக் கேட்கவேண்டாம்.

போகும்போது அர்கம் மச்சான் உம்மாவிடம், ராத்தா ஒரு கதை சொல்லச் சொன்னா என்றார். நபீலா மதினி சொல்லிவிட்டது இதுதான். தேங்காயத் திருப்பி அனுப்பிட வேணாம் மாமி, உடைச்சுக் கறி ஆக்குங்க, வாப்பாவோட நான் கதைக்கிறேன். மாமா என்ன சொல்லுவார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் போன் எடுத்தால் மதினிக்கு உதவியாக இருக்கும்.

இன்று காலை உம்மா வேலைக்குப் போகமுதல் சாக்கை அவிழ்த்து ஒரு தேங்காயை எடுத்தார். இடது கையால் உடைக்க ஏலாமல் வாப்பாதான் உடைத்துக் கொடுத்தார். மீதி இருபது இருக்கிறது. நான் சத்தமாக எண்ணிப் பார்த்தேன்.

இப்படிக்கு உங்கள் தங்கச்சி,
நஸ்ஹா